இடமிருந்து வலமாக

பழைய போட்டோக்களில் ஒரு விசேஷம் உண்டு. அவற்றில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்குத்தான் அவர்களைத் தெரியாது. கலியாண போட்டோவாக இருந்தால் பாதகமில்லை. மாலையைப் பார்த்து மாப்பிள்ளை யார், பெண் யார் என்று சொல்லிவிடலாம். பஞ்சாயத்து போட்டோ அப்படியல்ல. அதில் எல்லாருமே மாப்பிள்ளை மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

2022-ம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள். சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் எட்டியும் எட்டாததுமான ஒரு தெருவில் என் வீடு. காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் இளைஞர். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பெரிய சட்டம்.

"சார், நீங்கதானே கதை எழுதறவர்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் பல தடவை அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் பழக்க தோஷம். ஆமாம் என்றேன்.

அவர் நான் பிறந்த ஊரின் ஊராட்சி செயலர். அந்த ஊர் இங்கிருந்து சில மைல் உள்ளே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "எங்கள் தாத்தா எந்த நாற்காலி?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். அதற்கு நான் தயாராக இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

விஷயம் இதுதான். பழைய பஞ்சாயத்து ஆபீஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சாமான்களை மாற்றும்போது இரும்பு அலமாரியின் பின்னால் இந்தப் படம் அகப்பட்டது. செங்கற்பட்டு ஜில்லா 2019 நவம்பரில் காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்ததால், மற்ற ஜில்லாக்களில் அந்த வருஷம் டிசம்பரிலேயே நடந்த ஊராட்சித் தேர்தல் எங்கள் பக்கத்துக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அதில் ஜெயித்து வந்திருக்கும் புதுத் தலைவிக்கு, இந்தப் படத்தைப் பெயர்களோடு புது ஆபீஸில் மாட்ட வேண்டும் என்று ஆசை.

"பழைய ஆள் யாராவது இருந்தா கேட்டுட்டு வான்னாங்க சார். உங்க பேரைச் சொன்னாங்க."

பழைய ஆள் என்பதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

படத்தைத் திண்ணையில் சாய்த்து வைத்தோம். கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். கீழே பெயர்கள் எழுதியிருந்த காகிதத்தைக் கறையான் நிதானமாகச் சாப்பிட்டிருந்தது. அங்கங்கே "வர்" என்றும் "ளை" என்றும் "யார்" என்றும் மிச்சம். கறையானுக்குக்கூடப் பெயர்தான் ருசி. மரியாதை விகுதியை விட்டுவிட்டது.

ஒரு ஓட்டுக் கட்டிடத்தின் முன்னால் ஒன்பது நாற்காலி. எட்டில் ஆட்கள். வலது கோடியில் ஒன்று காலி. பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். இடது கோடியில் ஒரு சிறுவன் தலையைத் திருப்பிவிட்டதால் முகமே இல்லாமல் புகையாக இருந்தான். நடு நாற்காலியில் சரிகை அங்கவஸ்திரத்தோடு இருந்தவரை எனக்கு உடனே தெரிந்தது. என் அப்பா. அந்தக் காலத்தில் அவர்தான் பிரசிடெண்டு.

எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. ஆரத்தி காட்டும்போது அர்ச்சகர் நாமத்தைச் சற்றே தூக்கி அதைத் தரிசனம் செய்து வைப்பார். அன்று காலை எனக்கும் அப்படி ஒரு கண் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். நாற்பது வருஷமாக மனிதர்களைப் பற்றி எழுதி வருகிறவன். முகத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறவன். எட்டுப் பேருக்குப் பெயர் சொல்வதா பிரமாதம்? "வெச்சுட்டுப் போங்க தம்பி. ஒரு வாரத்துல லிஸ்ட் தரேன்" என்றேன்.

முதலில் வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சில தந்திரங்கள் இருக்கின்றன. வாசகர்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட படங்கள் இருக்கும். ஆகவே சொல்லி வைக்கிறேன்.

முகத்தைப் பார்க்கக் கூடாது. முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். கட்டிடத்தின் நெற்றியில் பெயர்ப் பலகை இருக்கிறதா? அதில் "லை", "ணை", "னை" போன்ற எழுத்துக்கள் மேலே துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா? அப்படியானால் படம் அநேகமாக 1978-க்கு முந்தியது. அந்த வருஷம் அக்டோபரில்தான் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. துதிக்கை போய், முன்னால் ஐகாரக் கொம்பு வந்தது. ஆனாலும் பெயிண்டர்கள் சர்க்கார் உத்தரவுக்கு அவ்வளவு சீக்கிரம் கட்டுப்படுகிறவர்கள் அல்ல. ஆகையால் இரண்டொரு வருஷம் தள்ளியே கணக்குப் போட வேண்டும். "மதராஸ் ராஜ்யம்" என்று இருந்தால் இன்னும் பின்னால் போகலாம். 1969 ஜனவரி 14-ம் தேதி அது தமிழ்நாடு ஆயிற்று. "பஞ்சாயத்து போர்டு" என்று எழுதியிருப்பதற்கும் "ஊராட்சி மன்றம்" என்று எழுதியிருப்பதற்கும் நடுவே ஒரு காலமே ஓடியிருக்கிறது.

அப்புறம், சுவரில் மாட்டியிருக்கும் தலைவர்களின் படங்கள். யாருக்கு மாலை, யாருக்கு மாலை இல்லை என்று பார்க்க வேண்டும். எங்கள் படத்தில் திறந்திருந்த கதவு வழியாக உள்சுவர் தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காந்திஜிக்கு மாலை, பக்கத்தில் நேருவுக்கும் மாலை. நேரு காலமானது 1964 மே 27. ஆகவே படம் அதற்குப் பிந்தியது. பலகையில் துதிக்கை எழுத்து. பதினான்கு வருஷத்துக்குள் கொண்டுவந்து அடைத்தாயிற்று. துப்பறியும் கதை எழுதாமல் போனோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பெயர் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அப்பாவையும் சேர்த்து நாலு பேரை நானே சொல்லிவிட்டேன். அதில் ஒன்று தப்பு என்று பிறகு தெரிந்தது. மீதிப் பேருக்காகப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

டீக்கடை பெஞ்சில் ஒரே மீசைக்கு மூன்று பெயர் கிடைத்தது. ஒருவர் பெரியப்பா என்றார். இன்னொருவர் அந்தப் பெரியப்பாவின் எதிராளி என்றார். மூன்றாமவர், இரண்டு பேருமே பஞ்சாயத்தில் இருந்ததே இல்லை என்று சாதித்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் முகங்களை விட்டுவிட்டு நாற்காலிகளை அடையாளம் சொன்னார். "இந்த அஞ்சும் நம்ம ஸ்கூல் நாற்காலி. கை ஒடிஞ்சிருக்கு பாருங்க, அது ஹெட்மாஸ்டருது." கடைசியில் உருப்படியாக உதவியவர் முடிதிருத்தும் கடைக்காரர். படத்தைச் சற்றுத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை.

"இது எங்கப்பா வெட்டின வெட்டுங்க. இப்படி வகிடு எடுக்கச் சொல்றது ஊர்ல ஒரே ஆளுதான்" என்று பெயரைச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இடமிருந்து வலம் என்கிறோமே, யாருடைய இடம்? பார்க்கிறவருடைய இடமா, உட்கார்ந்திருப்பவருடைய இடமா? பார்க்கிறவருடைய இடம் என்பதுதான் வழக்கம். ஆனால் வயதானவர்களிடம் கேட்டால், அவர்கள் படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து தம் இடது கைப் பக்கமாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இதனால் ஒரு மணியகாரர் இரண்டு நாள் கர்ணமாக இருந்தார்.

மிச்சத்துக்கு என் அக்காவிடம் போனேன். அக்கா இருப்பது குரோம்பேட்டையில். வயது எழுபத்தாறு. பார்வை சற்று மங்கல், ஞாபகம் மங்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்பாவின் அங்கவஸ்திரத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் கல்யாணத்துக்குக் காஞ்சீபுரத்துல எடுத்தது. வைகாசியில கல்யாணம். ஒரு வாரம்கூட ஆகல, நேரு போயிட்டார்னு ரேடியோவுல சொன்னான். ஆடி கழிஞ்சாத்தான் புக்ககம் அனுப்பணும்னு என்னை வெச்சிருந்தாங்க. அப்போ சுதந்தர தினத்துக்கு எடுத்த போட்டோ இது. எனக்கு நல்லாத் தெரியும்."

1964 ஆகஸ்டு 15. பூதக்கண்ணாடியும் எழுத்துச் சீர்திருத்தமும் பதினான்கு வருஷத்தில் கொண்டுபோய் விட்டதை, ஒரு சரிகைக் கரை ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

"இது யாருன்னு தெரியுதா?" என்று புகையாக இருந்த சிறுவனைக் காட்டினாள்.

"தெரியலையே."

"நீதாண்டா! ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டியே. போட்டோக்காரர் அசையாதீங்க அசையாதீங்கன்னு கத்தறார், நீ எங்கேயோ திரும்பிப் பார்த்தே."

ஊரார் அத்தனை பேரையும் அடையாளம் சொல்ல வந்தவனுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது. அக்கா உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேருக்குப் பெயர் சொன்னாள். நிற்கிறவர்களில் ஒருவர் குமாஸ்தா, ஒருவர் வாத்தியார். மூன்றாவது ஆள் வலது கோடியில், காலி நாற்காலிக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி நின்றார். கழுத்துப் பித்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. துண்டு தோளில் இல்லை. மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"இது?"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தெரியலையேடா. தலையாரியா இருக்குமோ?"

இருக்கும் என்று எனக்கும் பட்டது. நிற்கிற நிலை, துண்டு இருக்கிற இடம், எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தன. குறிப்பு நோட்டில் "தலையாரி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். காலி நாற்காலி? அன்று பி.டி.ஓ. வருவதாக இருந்து வராமல் போயிருக்க வேண்டும். அதிகாரிகள் வராமல் போவது புதிதா? அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நல்ல காகிதத்தில் நகல் எடுத்தேன். அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக, எட்டுப் பெயர். நிற்பவர்கள், மூன்று. ஒழுங்கான பட்டியலில் கேள்விக்குறி இருந்தால் பார்வைக்கு நன்றாக இல்லை. அதை விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பட்டியலை முடித்த அன்று எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. உத்தரமேரூர் எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. செங்கற்பட்டு போய்ப் பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919-லும் 921-லும் வெட்டியவை, இருக்கின்றன. முப்பது குடும்புகள்; ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த வழி முழுவதும் அதில் இருக்கிறது. அதைக் கல்லில் எழுதிய மத்தியஸ்தன் கடைசியில் தன் பெயரையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறான். குமாஸ்தா என்றாலும் கெட்டிக்காரன். ஆயிரத்து நூறு வருஷமாக அவன் பெயரைக் கறையான் தின்னவில்லை. நானும் என் பட்டியலின் அடியில், "தொகுத்தவர்" என்று என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

படம் புதுச் சட்டத்தில், புதுக் கண்ணாடியோடு, பெயர்ப் பட்டியலோடு ஆபீஸில் ஏறிற்று. எனக்கு ஒரு சால்வையும் ஒரு டம்ளர் காபியும் கிடைத்தன.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து வந்தாள். கையில் ஒரு துணிப் பை.

"பஞ்சாயத்து ஆபீஸ் போட்டோவுக்குப் பேர் எழுதினது நீங்கதானுங்களா ஐயா?"

"ஆமாம்மா. உள்ளே வாங்க. யாருக்காவது பேர் விட்டுப் போச்சா?"

"விட்டுப் போகலீங்க" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தோம், குடித்தாள். பிறகு சொன்னாள்: "கடைசியில நிக்கிறது எங்க தாத்தாங்கய்யா. தலையாரின்னு போட்டிருக்கீங்க. தாத்தா தலையாரி இல்லீங்க. மெம்பரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நான் எழுதும்போது என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவள் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சின்னப் படத்தை எடுத்தாள். அதே மனிதர். அதே வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மனைவி.

"காலனிக்கு இருந்த தனி இடத்துல நின்னு ஜெயிச்சாருங்க. சந்தேகமா இருந்தா ஆபீஸ்ல மினிட் நோட்டு இருக்கும், பாருங்க."

சந்தேகம் இல்லை. இருந்தாலும் மறுநாள் போய்ப் பார்த்தேன். இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்த என் புத்திக்கு, அதே அலமாரியில் தீர்மானப் புத்தகம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. 1964-ம் வருஷத்து நோட்டு, ஓரம் பொடியாகி, இருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவர்களின் கையெழுத்து. ஒன்பது கையெழுத்து. ஒன்பதாவது அவருடையது, எப்போதும் ஒன்பதாவதுதான். பள்ளிக்கூடப் பையன் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நிறுத்தி, அழுத்தமாக.

அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றும் இருந்தது. காலனித் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் வேண்டும் என்பது. "பின்னால் பரிசீலிக்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதி, கீழே பிரசிடெண்டின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் அதே தீர்மானம், அதே வாசகம், அதே கையெழுத்து. மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை நிறைவேறியிருந்தது.

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்த அம்மாள் சொன்னது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாற்காலியைப் பற்றி நான்தான் கேட்டேன்.

"தாத்தா சொல்லுங்க. 'உக்காராதேன்னு யாரும் சொல்லல. உக்காருன்னும் யாரும் சொல்லல. ஒரு வார்த்தை வரும்னு பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்குள்ள போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள்ள பூந்துட்டான்'னு சொல்லிச் சிரிக்கும். கோவமாச் சொன்னதில்லீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கோழியாளம் என்ற கிராமம் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். எங்கள் ஜில்லாதான். 1930 நவம்பரில் லண்டனில் வட்ட மேஜை மாநாடு கூடியபோது, தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகப் போன இரண்டு பேரில் ஒருவர் டாக்டர் அம்பேத்கர், இன்னொருவர் இவர். மகாராஜாக்களும் மந்திரிகளும் கூடிய அந்தச் சபையில் செங்கற்பட்டுச் சீமைக்காரர் ஒருவருக்கு ஆசனம் இருந்தது. 1937-ல் சிவஷண்முகம் பிள்ளை சென்னை மாநகராட்சியின் மேயரானார். அதற்கெல்லாம் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, சுதந்தரம் வந்து பதினேழாவது ஆண்டு விழாவில், லண்டனில் கிடைத்த நாற்காலி எங்கள் ஊர் ஓட்டுக் கட்டிடத்தின் வாசலில் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. சட்டம் அவரை உள்ளே கொண்டுவந்து சேர்த்திருந்தது. கையெழுத்துப் போட வைத்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரு வார்த்தை. அதைச் சட்டத்தில் எழுத முடியாது. பக்கத்தில் இருக்கிறவர் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் நடு நாற்காலியில் இருந்தார். என் அப்பா கெட்டவர் அல்ல. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இரண்டு நாவல்களில் வேறு பெயர் வைத்து எழுதியிருக்கிறேன். இப்போது யோசிக்கும்போது, அந்த நாவல்களில் விளக்குக் கம்பத்தை மூன்று தடவை ஒத்திவைத்த மனிதர் இல்லை என்று தெரிகிறது. அவரை நான் கண்டதில்லை. கண்டிருந்தாலும் போட்டோவில் அடையாளம் தெரிந்திருக்காது.

அப்பாவைச் சொல்வானேன்? அவர் ஒரு நிமிஷம் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அறுபது வருஷம் கழித்து, யாரும் அவசரப்படுத்தாமல், காற்றாடியின் கீழே உட்கார்ந்து, ஒரு மெம்பரைத் தலையாரி ஆக்கியவன் நான். கேள்விக்குறியை எடுத்தவனும் நான்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேத ஞானமும் இல்லாதவன் பெயரைப் போடக் கூடாது என்றும் இருக்கிறது. இதைப் பல தடவை பெருமையோடு படித்திருக்கிறேன். அந்த விதியினால் ஓலையே இல்லாமல் போனவர்கள் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

"பட்டியலை மாத்திடறேம்மா. அமர்ந்திருப்பவர்கள் வரிசையிலேயே தாத்தா பேரையும் சேர்த்துடறேன்" என்றேன். தப்பைத் திருத்துகிற வேகத்தில் வந்த வார்த்தை.

அவள் தலையை அசைத்தாள்.

"வேணாங்கய்யா. நிற்பவர்னே போடுங்க. நின்னாருங்கிறது நெசந்தானே? மெம்பருன்னும் போடுங்க. அதுவும் நெசந்தானே?"

நாற்பது வருஷமாக எழுதுகிற எனக்கு அந்த ஒரு வரியைத் திருத்தத் தெரியவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், முழுப் பெயராக, தகப்பனார் பெயரோடு இருக்கிறது. பி.டி.ஓ.வை எடுத்துவிட்டேன். கேள்விக்குறிகளைத் திரும்பப் போட்டேன். இன்னொரு பெயருக்கும் சேர்த்து. "தொகுத்தவர்" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தப்புச் செய்தவன் யார் என்பதும் தெரிய வேண்டுமே.

அன்று ராத்திரி அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நாற்காலி கொண்டு போனது நீதானேடா. ஞாபகம் இல்லையா? எட்டு கொண்டு போனே. அப்பா எண்ணிப் பார்த்துட்டு, 'ஒம்பது சொன்னேனே, எங்கே?'ன்னு திட்டினார். திரும்ப ஓடிவந்து நம்ம வீட்டுக் கூடத்து நாற்காலியை இழுத்துக்கிட்டுப் போனே."

ஒன்பது என்று எண்ணியவர் அப்பா. அவர் கணக்கில் அந்த மனிதர் இருந்திருக்கிறார். நாற்காலி போடச் சொல்லத் தெரிந்தவருக்கு, உட்காருங்கள் என்று சொல்ல வரவில்லை. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. படத்தில் அந்தப் பையன் திரும்பிப் பார்ப்பது வலது கோடிப் பக்கம்தான். தான் இழுத்து வந்த நாற்காலி காலியாக இருக்கிறதே என்று பார்த்தானோ, காக்கையைப் பார்த்தானோ, யார் கண்டது? கதையாக இருந்தால் நான் முடிவு சொல்லிவிடுவேன். இது கதையல்ல.

2022 மார்ச்சில் தாம்பரம் மாநகராட்சிக்கு முதல் மேயராக வசந்தகுமாரி என்ற இருபத்தைந்து வயதுப் பெண் பதவி ஏற்றார். பட்டியல் சாதிப் பெண்களுக்கென்று ஒதுக்கிய பதவி. அன்று எத்தனை ஆயிரம் படங்கள் எடுத்திருப்பார்கள்! அக்காவின் குரோம்பேட்டை வீட்டுப் பிள்ளைகள் டெலிபோனில் வந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். மேயர் பெயர் எல்லாருக்கும் தெரியும். கோடியில் நின்றவர்கள் யார்? அந்தப் படங்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. எழுதி வைக்க இடமும் இல்லை.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு படம் இருந்தால், இன்றைக்கே இறக்குங்கள். பழைய ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். எல்லாத் தெருவிலும் கேளுங்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், இடம், தேதி, பெயர் எல்லாம் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். முகத்தில் தழும்பு விழும். நிற்கிறவர்களிலிருந்து ஆரம்பியுங்கள், உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல ஆள் எப்படியும் இருக்கும்.

நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.